வெளியே போகிற சூடு

மேட்டுப்பாளையம் வரைக்கும்தான் சார் நான். நீங்க கோயம்புத்தூரா? அப்ப ஜன்னல் பக்கம் நீங்களே இருங்க, நான் முன்னாடியே இறங்குறவன். என் சம்சாரத்தைக் கூட்டிட்டு வரப் போறேன். ரெண்டு மாசமா தங்கச்சி வீட்ல இருக்கா. சண்டை போட்டுட்டுப் போனான்னு நினைச்சுக்காதீங்க. சண்டையெல்லாம் இல்ல. துணி காய வைக்கிற மெஷின் ஒண்ணு வாங்கினோம், அதுல வந்தது எல்லாம். மெஷின்னு சொல்றேன். உண்மையைச் சொல்லணும்னா பக்கத்து வீட்டு ஆள்தான் காரணம். நீங்களே கேட்டுட்டு சொல்லுங்க.

என் பேர் அருளப்பன். குன்னூர்ல டீ ஃபேக்டரியில முப்பத்தொரு வருஷம் டிரையர்ல நின்னவன். இலை வாடி, நசுங்கி, புளிச்சு, கடைசியா எங்கிட்டதான் வரும். சூடு கொஞ்சம் கூடினா தூள் தீஞ்சு போகும், கொஞ்சம் குறைஞ்சா மூட்டையிலயே பூசணம் பூக்கும். மீட்டரைப் பார்க்க வேண்டியதில்ல, கன்னத்துல காத்து பட்டா எனக்குத் தெரியும். மேனேஜர் என்னைக் கேட்டுட்டுத்தான் மூட்டை கட்டச் சொல்வாரு. இதை எதுக்குச் சொல்றேன்னா, காத்து, சூடு, காயறது, இந்த விஷயத்துல எனக்கு ஒருத்தன் வந்து பாடம் எடுக்க வேண்டியதில்ல. அவ்வளவுதான்.

என் சம்சாரம் செலின். ரெண்டு ஹோம்ஸ்டேக்கு பெட்ஷீட், தலையணை உறை, டவல் எல்லாம் துவைச்சு இஸ்திரி போட்டுக் கொடுக்கிறா. வெயில் காலத்துல பிரச்சினை இல்ல. ஜூன்ல மேகம் இறங்கிடுச்சுன்னா, கொடியில போட்ட பெட்ஷீட் மூணு நாள் கழிச்சும் போட்ட மாதிரியே தொங்கும். நாலாம் நாள் நாறும். அதுக்காகத்தான் இந்த வருஷம், மூடிப் போன ஒரு லாட்ஜ்ல இருந்து அந்த மெஷினை எடுத்தோம். பெரிய மெஷின். பின்னாடி வெள்ளிக் கலர்ல சுருங்கி விரியற குழாய் ஒண்ணு, என் தொடை தடிமனுக்கு. துணியில இருக்கிற ஈரமும் சூடும் அது வழியாத்தான் வெளிய வரும்.

கொண்டு வந்து இறக்கின ஆளு, "இந்தக் குழாயை சுவருக்கு வெளிய விட்டுடுங்க"ன்னு சொன்னான். நான் சிரிச்சேன். நம்ம வீட்டு கரண்டுல வர்ற சூடு சார். குன்னூர் குளிர்ல. அதை எதுக்குத் தூக்கி ஊருக்குக் கொடுக்கணும்? மெஷினை சமையல்கட்டுக்குப் பின்னாடி இருந்த சின்ன ரூம்ல வெச்சு, குழாயை நீட்டி ஹாலுக்குள்ள கொண்டு வந்தேன். வாயில அவளோட பழைய நைலான் சாக்ஸ் ஒண்ணை மாட்டினேன், பஞ்சுத் தூசி பிடிக்கிறதுக்கு. அதுக்குப் பக்கத்துல என் நாற்காலி. வெளிய சாரல் அடிக்குது, நான் உள்ள வெறும் பனியனோட உக்காந்திருக்கேன். குன்னூர்ல, ஜூலை மாசத்துல, பனியனோட. என் முட்டி வலி பாதி போச்சு.

"எப்படி இருக்கு?"ன்னு செலின்கிட்ட கேட்டேன்.

"சூடா இருக்கு"ன்னா. அவ்வளவுதான் சொன்னா.

அந்த நேரத்துலதான் பக்கத்து வீட்டுக்கு இந்த ஆள் வந்தாரு. சுபேதார் நீலகண்டன். நாகர்கோவில் பக்கம். மிலிட்டரியில இருந்து ரிட்டயர் ஆகி, பக்கத்துல வெலிங்டன் கேம்ப்ல இருந்து ஊர் பழகிப் போச்சுன்னு இங்கயே தங்கிட்டாரு. சம்சாரம் இறந்து நாலு வருஷமாச்சாம். தனி ஆள். வீட்ல இருக்கும்போதும் இஸ்திரி போட்ட சட்டை. ஷூவுல முகம் பார்க்கலாம். சமையல் அவரே. வெங்காயம் நறுக்கினா எல்லாத் துண்டும் ஒரே அளவுல இருக்கும்னு செலின் சொன்னா. நான் கேக்குறேன் சார், அந்த ஆள் நறுக்கின வெங்காயத்தை இவ எதுக்குப் பார்த்தா?

இவளை "சிஸ்டர்"னு கூப்பிடுவாரு. மனசுல ஒண்ணும் இல்லாதவன் எதுக்கு அவ்வளவு அழுத்தி சிஸ்டர்னு சொல்லணும்? நீங்க சொல்லுங்க.

ஒரு நாள் வீட்டுக்கு வந்தாரு. இவதான் டீ குடிக்கக் கூப்பிட்டிருக்கா. குழாயைப் பார்த்தாரு, ஜன்னல் கண்ணாடியைப் பார்த்தாரு. கண்ணாடியில உள்பக்கம் தண்ணி கோடு கோடா வழிஞ்சுகிட்டிருந்துச்சு. என் பக்கம் திரும்பி, "அண்ணாச்சி, ஒரு லோடு துணியில ரெண்டு மூணு லிட்டர் தண்ணி இருக்கும். அது எங்க போகுதுன்னு நினைக்கிறீங்க?"ன்னாரு.

"காத்துல போகுது."

"எந்தக் காத்துல?"

எனக்கு சுருக்குன்னுது. என் வீட்ல உக்காந்து, என் டீயைக் குடிச்சுகிட்டு, என் சம்சாரம் முன்னாடி. "சுபேதார் சார், நீங்க துப்பாக்கி பிடிச்சவரு. நான் டிரையர் பிடிச்சவன்"னு சொன்னேன். அவரு கப்பைக் கழுவி வெச்சுட்டுப் போனாரு. பாருங்க, கப்பைக் கழுவி வெச்சாரு. "எவ்வளவு நல்ல பழக்கம்"னு செலின் சொன்னா. கல்யாணமாகி இருபத்தெட்டு வருஷத்துல என் பழக்கம் ஒண்ணையும் அவ அப்படிச் சொன்னதில்ல.

அதுக்கப்புறம்தான் ஆரம்பிச்சது. மெஷினைப் போடுவா, சால்வையைச் சுத்திக்குவா, வெளிய போயிடுவா. மழை விட்டிருந்தாலும் சரி, தூறினாலும் சரி. ரெண்டு வீட்டுக்கும் நடுவுல ஒரு கம்பி வேலி. அதைப் பிடிச்சுகிட்டு நிப்பா. நான் நாற்காலியில இருந்தபடி எண்ணுவேன். ஒரு நாளைக்கு எட்டு தடவை, ஒம்பது தடவை. அங்க நின்னு பெருசா மூச்சு விடுவா. மார்பு ஏறி இறங்குறது ஜன்னல் வழியாத் தெரியும். பெருமூச்சு சார். பக்கத்து வீட்டைப் பார்த்து ஒரு பொம்பளை பெருமூச்சு விட்டா, கட்டினவனுக்கு எப்படி இருக்கும்?

சில நேரம் அந்த ஆளும் வெளிய வந்து நிப்பாரு. ரெண்டு பேரும் ஏதோ பேசுவாங்க. குரல் கேக்காது. மெஷின் சத்தம். நான் போய் கதவைத் திறந்தா பேச்சு நின்னுடும்.

"ஏன் வெளிய போற? உள்ள இவ்வளவு கதகதப்பா வெச்சிருக்கேன்."

"உள்ள முட்டுதுங்க."

"என்ன முட்டுது?"

"மூச்சு."

சொல்றதுக்கு ஒரு காரணம் வேணும்ல. நான் அப்படித்தான் நினைச்சேன்.

ஆகஸ்ட்ல அவளுக்கு இருமல் பிடிச்சது. காலையில எழுந்ததும் இருமுவா. படிக்கட்டு ஏறினா இருமுவா. பனியில போய் நின்னா இருமல் வராம என்ன வரும்? சொன்னேன். கேக்கல. இருமிகிட்டே வெளிய போவா. நானும் சும்மா இல்ல. தலைக்கு டை அடிச்சேன். சட்டையை நானே இஸ்திரி போட்டுப் போட்டேன். அவ கவனிக்கவே இல்ல. நாலஞ்சு நாள் கழிச்சு, "தலையணையெல்லாம் கறுப்பா இருக்கே, என்னது?"ன்னு கேட்டா.

இங்க பர்லியார்ல பஸ் நிக்கும். டீ குடிக்கிறீங்களா? வேண்டாமா. சரி, எனக்கும் வேண்டாம்.

ஆகஸ்ட் கடைசி வாரம் கோயம்புத்தூர்ல என் தம்பி பேரனுக்கு ஞானஸ்நானம். செலினைக் கூப்பிட்டேன். பெட்ஷீட் நிறைய இருக்கு, நீங்க போயிட்டு வாங்கன்னா. காலையில போனேன், சாயங்காலம் அஞ்சு மணிக்குத் திரும்பினேன். வீட்டுக்குள்ள கால் வெச்சதும் ஏதோ குறையுற மாதிரி இருந்துச்சு. சூடு இல்ல. ஹால்ல குழாய் இல்ல. பின் ரூமுக்குப் போனேன். சுவர்ல வட்டமா ஒரு ஓட்டை. காம்பஸ் வெச்சு வரைஞ்ச மாதிரி. குழாய் அது வழியா வெளிய போயிருக்கு. வெளிய போய்ப் பார்த்தா, மழைத்தண்ணி உள்ள வராம இருக்க ஒரு தகர மூடி. மெஷின் ஓடினா காத்துக்கு மூடி தானா திறக்குது, நின்னா மூடிக்குது. அவ்வளவு நேர்த்தி. அதுதான் எனக்குத் தாங்கல.

"யார் போட்டது?"

"சுபேதார் சார்தான். டிரில்லிங் மெஷின் வெச்சிருக்காரு. நான்தான் கேட்டேன்."

"நீ எங்க நின்ன?"

அவளுக்குப் புரியல. "லைட்டைப் பிடிச்சுகிட்டு நின்னேன்"னா.

ரெண்டு பேரும் அந்தச் சின்ன ரூம்ல. நான் ஊர்ல இல்லாத நாள் பார்த்து. என் வீட்டுச் சுவர்ல. மறுநாள் காலையில சிமென்ட் வாங்கிட்டு வந்தேன். குழாயை உருவி பழையபடி ஹாலுக்குள்ள விட்டேன். ஓட்டையில செங்கல் துண்டு வெச்சு சிமென்ட் பூசினேன். உள்பக்கமும் வெளிப்பக்கமும். வேலிக்கு அந்தப் பக்கம் அந்த ஆள் நின்னு பார்த்தாரு. செலின் கதவோரமா நின்னு பார்த்தா. நான் சிமென்ட் கரண்டியைக் கழுவினதும், "சாப்பிட வாங்க"ன்னா. அவ்வளவுதான். அவ கத்தியிருந்தாகூட எனக்கு நல்லா இருந்திருக்கும்.

மூணாம் நாள் மதியம். நாலு லோடு துணி. நல்ல மழை, அதனால அவ வெளிய போகல. நான் நாற்காலியில கண்ணசந்துட்டேன். விசில் மாதிரி ஒரு சத்தம். குக்கர்னு நினைச்சேன். பார்த்தா பெட்ஷீட்டு குவியல் மேல கையை ஊன்றி உக்காந்திருக்கா. வாய் திறந்திருக்கு. காத்து உள்ள போகல, வெளியவும் வரல. உதடு நீலமாயிடுச்சு. "செலினு, செலினு"ன்னு கூப்பிடறேன், அவ கையை நீட்டி கதவைக் காட்டுறா.

கதவைத் திறந்தேன். அந்த ஆள் பேரைத்தான் கத்தினேன் சார். வேற யார் பேரு வரும்? ஓடி வந்து தூக்கினாரு. அவரு கார்லதான் ஆஸ்பத்திரி. நான் பின் சீட்ல அவ தலையை மடியில வெச்சுகிட்டு இருந்தேன். அந்த நிலைமையிலயும் என் மனசு என்ன நினைச்சது தெரியுமா? இவரு தூக்கினப்ப இவ கை அவரு தோள்மேல இருந்துச்சே, அது பிடிச்சதா, சும்மா விழுந்ததான்னு. மனுஷ மனசு அவ்வளவு கேவலம். உங்ககிட்ட மறைச்சு என்ன ஆகப் போகுது.

மூக்குக்கு மூடி போட்டு புகை மாதிரி மருந்து கொடுத்தாங்க. டாக்டரம்மா சின்ன வயசு. "வீட்ல ஈரம் இருக்கா? பூசணம் இருக்கா?"ன்னு கேட்டாங்க.

"இல்ல டாக்டர். வீடு நல்லா கதகதப்பா இருக்கும்"னு நான் சொன்னேன்.

செலின் அந்த மூடிக்கு மேல இருந்து என்னைப் பார்த்தா. சுபேதார் வாசல்ல நின்னுகிட்டு இருந்தாரு. அவரு சொல்லியிருக்கலாம். சொல்லல. அதுவும் எனக்குப் பிடிக்கல.

கொஞ்ச நாள் மலை இறங்கி கீழ்நாட்டுல இருக்கட்டும்னு டாக்டரம்மா சொன்னதால மேட்டுப்பாளையம் போனா. தங்கச்சி ரீட்டா வீடு. ரீட்டா புருஷன் சூசை லாரி ஆபீஸ்ல இருக்காரு. தினமும் போன்ல பேசுவோம். "எப்ப வர்ற?"ன்னு கேப்பேன். "வீட்டுக்குள்ள எப்படி இருக்கு?"ன்னு கேப்பா. "நல்ல கதகதப்பா இருக்கு"ன்னு சொல்வேன். "அப்ப இன்னும் கொஞ்ச நாள் ஆகட்டும்"னுடுவா. எனக்கும் ஒரு பக்கம் நிம்மதிதான். அந்த ஆள் இங்க, இவ அங்க. ஹோம்ஸ்டே துணியெல்லாம் நானே துவைச்சுப் போட்டேன். எனக்கும் ராவெல்லாம் தொண்டை கரகரன்னுது. தனியா இருக்கிறதால வர்ற கவலைன்னு நினைச்சேன்.

போன வாரம் போன் பண்ணினா. பக்கத்துல ஒரு கல்யாணமாம், "அந்த மெரூன் பட்டுப்புடவையை பஸ்ல யார்கிட்டயாவது கொடுத்து விடுங்க"ன்னா. எங்க வீட்ல மர பீரோ. கதவு ஊதிப் போய் திறக்க வரல. சுவரோட ஒட்டியிருந்ததால பிடிச்சு இழுக்க முடியல. சரின்னு பீரோவையே நகர்த்தினேன்.

பின்னாடி சுவர் முழுக்கக் கறுப்பு சார். ஒட்டடை கறுப்பு இல்ல, பூசணம். ரோமம் மாதிரி. பீரோவுக்குப் பின்னாடி ஆரம்பிச்சு அப்படியே கட்டில் வரைக்கும் போயிருக்கு. கட்டிலை இழுத்தேன். தலையணை உயரத்துக்கு இன்னும் அடர்த்தியா இருக்கு. அந்தச் சுவரோரம்தான் அவ படுப்பா. நான் வெளிப்பக்கம் படுப்பேன், அடிக்கடி எழுந்து போகணும்னு.

கிட்டப் போய் மோந்து பார்த்தேன். எனக்குத் தெரிஞ்ச வாசம். சரியாக் காயாத தூளை மூட்டை கட்டி ஒரு மாசம் வெச்சா வருமே, அந்த வாசம். முப்பத்தொரு வருஷத்துல நாலு தடவையோ அஞ்சு தடவையோ அது வந்திருக்கும். வந்தவுடனே மூட்டையை வெளிய தூக்கிப் போடுன்னு கத்துவேன், பக்கத்து மூட்டை கெட்டுடக் கூடாதுன்னு. ஃபேக்டரியில டிரையர் காத்து எங்க போகும்னு நினைக்கிறீங்க? கூரைக்கு மேல, வெளிய. எல்லாருக்கும் தெரியும். எனக்குத் தெரியாதா?

கட்டில் மேல ரொம்ப நேரம் உக்காந்திருந்தேன். அப்புறம் உளியும் சுத்தியலும் எடுத்துகிட்டு பின் ரூமுக்குப் போனேன். நான் பூசின சிமென்ட் சார், நல்லாப் பூசியிருக்கேன். அரை மணி நேரம் தட்டினேன், ஒரு பிடி தூள் விழல. முட்டி வலி வேற. வேற வழியில்லாம வேலிக்குப் போனேன். அந்த ஆள் செடிக்கு மண் போட்டுகிட்டிருந்தாரு.

"சுபேதார் சார், டிரில்லிங் மெஷின் கொஞ்சம் வேணும்"னேன்.

நிமிர்ந்து பார்த்தாரு. "மெஷின் மட்டும் போதுமா அண்ணாச்சி, ஆளும் வேணுமா?"

"ஆளும்தான்"னேன். அந்த ஒரு வார்த்தை சொல்றதுக்குள்ள எனக்கு வேர்த்துடுச்சு.

வந்தாரு. இருபது நிமிஷம். நான் லைட்டைப் பிடிச்சுகிட்டு நின்னேன். முடிச்சுட்டு தூசியைக் கூட்டினாரு. அந்தக் கறுப்புச் சுவரையும் எட்டிப் பார்த்தாரு. என்னால அடக்க முடியல, கேட்டுட்டேன். "வேலியோரம் நின்னு ரெண்டு பேரும் என்னதான் பேசினீங்க?"

அவருக்குக் கோபம் வரும்னு நினைச்சேன். வரல. "உங்களைப் பத்தித்தான்"னாரு. "சிஸ்டர் தினமும் ஒரே விஷயம்தான் கேப்பாங்க. 'அவரு முப்பத்தொரு வருஷம் டிரையர்ல நின்னவரு. அதுல அவருக்கு அவ்வளவு பெருமை. நான் போய் தப்புன்னு சொன்னா உடைஞ்சு போயிடுவாரு. எப்படி சார் சொல்றது'ன்னு. நான் சொல்லிப் பார்த்தேன். நீங்க துப்பாக்கின்னுட்டீங்க."

டீ குடிச்சுட்டுப் போங்கன்னேன். இன்னொரு நாள்னு சொல்லிட்டு டிரில் வயரைச் சுத்திகிட்டுப் போயிட்டாரு.

எனக்கு எப்படி இருந்துச்சுன்னு கேக்குறீங்களா? அழுகை வந்துச்சு. அதுவும் உண்மை. ஆனா இன்னொண்ணும் உண்மை சார். என்னைப் பத்தி என் சம்சாரம் இவ்வளவு நல்லா பேசியிருக்கா. அதை நான் கேக்கல, அந்த ஆள் கேட்டிருக்காரு. ரெண்டு மாசம், ஒரு நாளைக்கு எட்டு தடவை. எனக்குச் சேர வேண்டியதெல்லாம் அவரு காதுக்குத்தானே போயிருக்கு.

அடுத்த நாள் மெஷினைப் போட்டுட்டு வெளிய போய் நின்னேன். மூடி திறந்துச்சு, காத்து வருது. சோப்பு வாசத்தோட, வெதுவெதுன்னு. நேரா வேலியைத் தாண்டி அந்த ஆள் பக்கம் போகுது. வேலிக் கம்பியில அவரு ஈர ஷூவைக் கட்டித் தொங்க விட்டிருக்காரு. என் வீட்டு சூட்டுல அவரு ஷூ காயுது. பார்த்துகிட்டு நின்னேன். காயட்டும்னு விட்டுட்டேன். வேற என்ன செய்ய?

சுவரைச் சுரண்டி, பிளீச்சிங் போட்டுக் கழுவி, வெள்ளை அடிச்சேன். கட்டிலைத் திருப்பிப் போட்டேன். இனிமே சுவர்ப் பக்கம் நான். எல்லாம் முடிச்சுட்டு நேத்து போன் பண்ணினேன். "வீட்டுக்குள்ள எப்படி இருக்கு?"ன்னா.

"குளிருது"ன்னேன்.

"அப்ப நாளைக்கு வாங்க, பஸ் ஸ்டாண்டுல நிக்கிறேன்"னா.

வந்துடுச்சு சார் மேட்டுப்பாளையம். இந்தக் கூட்டத்துல எனக்கு ஒண்ணும் தெரியல, கண்ணாடியை வேற விட்டுட்டு வந்துட்டேன். நீங்க கொஞ்சம் எட்டிப் பாருங்க. பச்சைப் புடவை கட்டிட்டு வர்றதா சொன்னா. மாநிறம், கொஞ்சம் குட்டை. இருக்காளா? டிக்கெட் கவுன்ட்டர் பக்கமா. பக்கத்துல யாராவது ஆம்பளை நிக்கிறானா?

நிக்கிறானா. யாரு? தொப்பையா, மீசை வெச்சவரா? அப்ப சூசைதான். தங்கச்சி புருஷன். என்ன பண்றாங்க? ஏதோ சொல்லிகிட்டிருக்காரா. இவ?

சிரிக்கிறாளா. நல்லாப் பாருங்க சார், அவளுக்கு சிரிப்பு வந்தா இருமலும் சேர்ந்து வரும், குனிஞ்சிடுவா. குனியலையா? நிமிர்ந்து நின்னு சிரிக்கிறாளா?

சரி. அந்தாள் அப்படி என்னதான் சொன்னான்னு அப்புறம் கேட்டுக்கிறேன். இப்ப சிரிக்கட்டும். கொஞ்சம் காலை ஒதுக்குங்க சார், இறங்கணும்.